உப்புக் காற்றும் பழைய ஜீப்பின் மின்கோளாறும்

மன்னார் மாவட்டத்தின் முசலிப் பிரதேசத்தில், அருவியாறு கடலுடன் கலக்கும் இடத்துக்கு அண்மையில் அமைந்துள்ள அரிப்பு, முத்துக்குளிப்பால் உலகறிந்த கரையாகும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரித்தானிய ஆளுநர் பிரெட்றிக் நோர்த் முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்வதற்கெனக் கட்டிய டோரிக் மாளிகையின் எச்சங்கள் இன்று கடலரிப்புக்கு இரையாகி நிற்கின்றன. செங்கல்லையும் சுண்ணாம்பையும் விட்டுவைக்காத கடல், கரையோர மக்களின் வாகனங்களையும் விட்டுவைப்பதில்லை. மாளிகை இடிவது எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. வாகனத்தின் வயருக்குள் நிகழும் அரிப்போ எவர் கண்ணுக்கும் படாமல் நிகழ்கிறது.

இது வசதி படைத்தோரின் பிரச்சினை என்று எண்ணிவிடலாகாது. அரிப்பு, சிலாவத்துறை, மறிச்சுக்கட்டி போன்ற ஊர்களில் ஜீப் என்பது ஆடம்பரப் பொருளன்று. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, 2009இன் பின்னர் முசலிக்கு மீளத் திரும்பிய முஸ்லிம் குடும்பங்களில் பல, இன்னமும் புத்தளத்தில் ஒரு காலும் முசலியில் ஒரு காலுமாகவே வாழ்கின்றன. மீன் ஏற்றுவதற்கும், நள்ளிரவில் பிரசவ வேதனைப்படும் பெண்ணை மன்னார் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்வதற்கும், ஜனாஸாவுக்கு உறவினரை ஏற்றி வருவதற்கும் அயலில் உள்ள ஒரு பழைய பஜேரோவோ லேண்ட் குரூசரோதான் கைகொடுக்கிறது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. வரிச்சுமை காரணமாகப் புதிய வாகனம் சாதாரண குடும்பத்துக்கு எட்டாக்கனியாகவே உள்ளது. ஆகவே, இருபது முப்பது ஆண்டுகள் ஓடிய வாகனத்தையே நம்பியிருக்க வேண்டியுள்ளது.

இவ்வாகனங்களில் மின்கோளாறு தோன்றும்போது நிகழ்வது வழக்கமான ஒரு கதை. காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை என்றதும் புதிய பற்றரி வாங்கப்படுகிறது. இரு வாரங்களில் அதே தொல்லை. பின்னர் மின்னாக்கியான அல்டர்னேட்டர் மாற்றப்படுகிறது; அதற்கடுத்து ஸ்டார்ட்டர் மோட்டார். பணம் கரைகிறது, கோளாறு மட்டும் தீரவில்லை. பல சந்தர்ப்பங்களில் குற்றவாளி இம்மூன்றில் எதுவுமன்று. இவற்றை இணைக்கும் முனைகளும் வயர்களுமே.

மின்சாரம் பற்றரியின் பிளஸ் முனையிலிருந்து புறப்பட்டு, வேலை செய்து முடித்து, மைனஸ் முனைக்குத் திரும்பியாக வேண்டும். திரும்பும் பாதைக்குத் தனி வயர் இல்லாமல், வாகனத்தின் இரும்பு உடலும் எஞ்சினுமே பாதையாகப் பயன்படுத்தப்படுகின்றன. பற்றரியை உடலுடனும், உடலை எஞ்சினுடனும் இணைக்கும் தடித்த எர்த் வயர்கள் இப்பாதையின் பாலங்கள் எனலாம். டீசல் எஞ்சினைச் சுழற்ற ஸ்டார்ட்டர் மோட்டார் ஏறத்தாழ 200 அம்பியர் மின்னோட்டத்தை இழுக்கிறது என்று கொள்வோம். எர்த் முனையில் துரு பிடித்து, ஓர் ஓமின் நூறில் ஒரு பங்கு தடை ஏற்பட்டாலே 2 வோல்ற்று அங்கே வீணாகிவிடும். பன்னிரண்டில் இரண்டு போனால் மோட்டார் முனகுமே தவிரச் சுழலாது. பற்றரி புதியதாயினும் பயனில்லை.

கடற்கரையில் இத்தடை விரைவாக வளர்வதற்குக் காரணம் உப்பு. சோளகக் காற்று வீசும் மாதங்களில் அலைநுரையிலிருந்து எழும் நுண்ணிய உப்புத் துகள்கள் எஞ்சின் அறைவரை சென்று படிகின்றன. கடலுப்பு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. உப்புக் கலந்த ஈரம் மின்னைக் கடத்தும். செம்பும் இரும்பும் ஈயமும் ஒன்றையொன்று தொடும் இடத்தில் அந்த ஈரம் சேர்ந்தால், அங்கே ஒரு சிறிய மின்கலமே உருவாகி, இரும்பு போன்ற தாக்குதிறன் கூடிய உலோகம் அரிக்கப்படுகிறது. வயரின் வெட்டுமுனை வழியாகப் புகும் ஈரம், காப்புறைக்குள் செப்பிழைகளினூடே மேலேறுகிறது. வெளியே நல்ல வயராகத் தோன்றுவது உள்ளே கறுத்துப் பொடியாகியிருக்கும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது வெள்ளத்தில் நின்ற வாகனங்களிலும் இத்தகைய கோளாறுகள் பல மாதங்கள் கழித்துத் தலைகாட்டக்கூடும்.

எனவே, மாற்றுவதற்கு முன் அளந்து பார்ப்பதே முதல் விதியாக இருத்தல் வேண்டும். அதற்கு வேண்டியது பல்மானி எனப்படும் ஒரு சிறிய மீற்றர் மட்டுமே. இரவு முழுவதும் ஓய்ந்திருந்த 12 வோல்ற்றுப் பற்றரி 12.6 அளவில் காட்டினால் அது நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் ஏறத்தாழ அரைவாசி. எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை காட்டினால் அல்டர்னேட்டர் மின்னேற்றுகிறது. அடுத்து, மீற்றரின் ஒரு கம்பியைப் பற்றரியின் மைனஸ் முனையிலும் மற்றதை எஞ்சினின் சுத்தமான உலோகப் பகுதியிலும் வைத்து, ஒருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லிப் பார்க்க வேண்டும். அரை வோல்ற்றுக்கு மேல் காட்டினால் எர்த் பாதை பழுது என்பது உறுதி. இச்சோதனைக்குச் செலவு எதுவுமில்லை.

நிறுத்தி வைத்த வாகனத்தில் பற்றரி தானாக இறங்குமாயின், எங்கோ மின்கசிவு உண்டு. பின்னாளில் பொருத்திய அலாரம், வானொலி, மேலதிக விளக்குகள் ஆகியன இதற்குப் பெரும்பாலும் காரணமாகின்றன. அரை அம்பியர் கசிவு அற்பமாகத் தோன்றலாம். ஆனால், 70 அம்பியர்-மணிப் பற்றரியில் பாதியை அது மூன்றே நாட்களில் குடித்துவிடும். மைனஸ் வயரைக் கழற்றி இடையில் அம்பியர் மீற்றரை இணைத்து, பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தால் கசியும் கிளை அகப்பட்டுவிடும். மீற்றர் இணைந்துள்ள நிலையில் ஸ்டார்ட் செய்தலாகாது.

சில பழக்கங்கள் ஆபத்தானவை. அடிக்கடி எரியும் பியூஸுக்குப் பதிலாகச் செப்புக் கம்பியையோ சிகரெட் தாளையோ செருகுவது தீயை வரவழைப்பதாகும். அல்டர்னேட்டரைச் சோதிக்கிறோம் என்று, ஓடும் எஞ்சினில் பற்றரி வயரைக் கழற்றுவது மின்னணுப் பாகங்களை எரித்துவிடக்கூடும். பற்றரி ஐதரசன் வாயுவை வெளிவிடுவதால் அதனருகே நெருப்பு கூடாது. ஜப்பானியப் பழைய டீசல் எஞ்சின்கள் பலவற்றில் பிரேக்குக்கு உதவும் வெற்றிடப் பம்பு அல்டர்னேட்டரின் பின்புறத்திலேயே பொருத்தப்பட்டுள்ளது. அதன் சீல் தேய்ந்து எண்ணெய் கசிந்தால் புதிய அல்டர்னேட்டரும் விரைவில் கெடும். பம்பு கெட்டால் பிரேக்கும் பலமிழக்கும்.

பரிகாரம் எளிமையானது. முதலில் மைனஸ் வயரைக் கழற்ற வேண்டும். பூட்டும்போது அதுவே கடைசி. முனைகளில் பூத்த வெண்பொடியை அப்பச்சோடா கரைத்த நீரால் கழுவி, எர்த் பிடிக்கும் இடத்தை உலோகம் பளிச்சிடும்வரை அரத்தாளால் தேய்த்து, இறுக்கிப் பூட்டி, மேலே வஸ்லின் பூசுதல் போதுமானது. கறுத்த வயரை முழுதாகவே மாற்றுதல் நன்று. படகுகளுக்கென விற்கப்படும் வெள்ளீயம் பூசிய செப்பு வயர் உப்பைத் தாங்கவல்லது. கடற்றொழில் செய்வோருக்கு இது புதிய செய்தியன்று. சோளகம் தொடங்குமுன் ஒருமுறையும் மாரி முடிந்தபின் ஒருமுறையும் இதனைச் செய்வது வாகனத்துக்கு ஆயுள் தரும்.

இது உரிமையாளரின் கடமை மட்டுமன்று. கரையோரப் பிரதேசங்களில் வாகன மின்பயிற்சி பெற்ற இளைஞர்கள் போதியளவு இருப்பின், ஊகத்தால் பாகம் மாற்றும் வழக்கம் குறையும். தொழிற்பயிற்சி அதிகார சபை போன்ற நிறுவனங்கள் முசலி போன்ற மீள்குடியேற்றப் பிரதேசங்களின் இளைஞர்களுக்கு இப்பயிற்சியை அண்மையிலேயே கிடைக்கச் செய்தல் வேண்டும். வாடிக்கையாளரும் “என்ன மாற்ற வேண்டும்” என்று கேட்பதை விட்டு, “அளந்து பார்த்தீர்களா” என்று கேட்கப் பழக வேண்டும். நள்ளிரவில் நோயாளியை ஏற்றிக்கொண்டு சாவியைத் திருப்பும் வேளையில், துருப்பிடித்த ஒரு திருகாணி ஓர் உயிருக்குத் தடையாக நிற்கலாகாது.