ஒரு குரல், இருவர்

லண்டன் ஆபி ரோட்டில் இருந்த இ.எம்.ஐ. ஸ்டுடியோவில் ஜான் லெனனுக்கு அறவே பிடிக்காத வேலை ஒன்று உண்டு: பாடிய வரியையே திரும்பப் பாடுவது. குரல் கனமாகக் கேட்க அன்று அதுதான் வழி. ஒரு முறை பாடிப் பதிவு செய்வார்கள். பிறகு அதை ஹெட்ஃபோனில் கேட்டபடியே, சொல்லுக்குச் சொல், மூச்சுக்கு மூச்சு ஒத்துப்போகும்படி இன்னொரு ட்ராக்கில் பாடவேண்டும். இரண்டையும் சேர்த்தால் குரலுக்குத் தனிச் செழிப்பு வந்துவிடும். பீட்டில்ஸின் தொடக்ககாலப் பாடல்கள் பலவற்றில் இதைக் கேட்கலாம்.

இரண்டாம் முறை பாடுவானேன், பதிவான குரலையே நகலெடுத்துச் சேர்த்தால் போதாதா? போதாது. அச்சு அசலான இரண்டு நகல்களை ஒன்றாக ஓட்டினால் ஒலி அலையின் மேடு மேட்டோடும் பள்ளம் பள்ளத்தோடும் பொருந்தி, சத்தம் 6 டெசிபல் கூடும், அவ்வளவுதான். பாடுவது ஒருவரே என்று காது கண்டுபிடித்துவிடும். எவ்வளவு தேர்ந்த பாடகரானாலும் இரண்டாம் முறை பாடும்போது ஓர் எழுத்து முந்தும், இன்னொன்று பிந்தும். சுருதி மயிரிழை ஏறி இறங்கும். இருவர் பாடுவதாகக் காதை நம்பவைப்பது இந்தப் பிசகுதான்.

1966இல், 'ரிவால்வர்' ஆல்பம் பதிவான நாட்களில், ஸ்டுடியோவின் பொறியாளர் கென் டவுன்சென்ட் அந்தப் பிசகை இயந்திரத்திடமிருந்தே வரவழைத்தார். அங்கே இருந்தது ஸ்டுடர் ஜே37. ஓர் அங்குல நாடாவில் நான்கு ட்ராக் பதியும், வால்வுகளால் இயங்கும் ஸ்விஸ் டேப் ரெக்கார்டர். அதில் நாடா முதலில் பதிவு ஹெட்டை உரசிக்கொண்டு போகும். சற்றுத் தள்ளி பிளேபேக் ஹெட்டை உரசும். ஸ்டுடியோக்களில் நாடா வழக்கமாக ஓடும் வேகம் வினாடிக்கு 38 செ.மீ. ஹெட்டுகளுக்கு நடுவே 4 செ.மீ. இடைவெளி என்று வைத்துக்கொண்டால், அதைக் கடக்க ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு வினாடி ஆகும். பதிவு ஹெட்டாலும் நாடாவைப் படிக்க முடியும். ஆக, ஒரே குரல் இரண்டு இடத்தில் கிடைக்கிறது: பதிவு ஹெட்டில் முன்னதாக, பிளேபேக் ஹெட்டில் தாமதமாக.

முன்னதாகக் கிடைத்த குரலை டவுன்சென்ட் இன்னொரு டேப் ரெக்கார்டருக்கு அனுப்பினார். அது குரலைப் பதிந்த கையோடு தன் பிளேபேக் ஹெட் வழியே திருப்பித் தந்தது. இங்கே முந்திய நேரமும் அங்கே பிந்திய நேரமும் ஈடாகிவிட, அசலும் நகலும் கிட்டத்தட்ட ஒன்றாக வந்து சேர்ந்தன. இரண்டாவது இயந்திரத்தின் மோட்டாருக்கான மின்சாரம் ஓர் ஆஸிலேட்டரிலிருந்து போனது. அதன் குமிழை ஒரு பக்கம் திருப்பினால் மோட்டார் வேகமெடுத்து நகல் முந்தும்; மறுபக்கம் திருப்பினால் பிந்தும். திருப்பிக்கொண்டிருக்கும் அந்தக் கணத்தில் மட்டும் சுருதியும் லேசாக அசையும். மனிதர் பாடும்போது நேர்வது இதேதான்! ஏ.டி.டி. என்று பெயர் பெற்ற இந்த உத்தி 'ரிவால்வர்' முழுக்கப் பயன்பட்டது. லெனனுக்குப் பெரிய நிம்மதி.

நகல் எவ்வளவு விலகலாம் என்பதற்குக் காதிடம் ஒரு கணக்கு உண்டு. ஓர் ஒலியும் அதன் நகலும் சுமார் 30 மில்லி வினாடிக்குள் அடுத்தடுத்து வந்தால் காது அவற்றை ஒன்றாகவே சேர்த்துக்கொள்ளும் என்பதை ஜெர்மானிய ஆய்வாளர் ஹெல்முட் ஹாஸ் 1949இல் விளக்கினார். அந்த எல்லையை ஒட்டி நின்றால் குரல் தடிக்கும்; வெகுவாகத் தாண்டினால் எதிரொலி.

ரொம்பவும் நெருங்கினால் வேறொரு வேடிக்கை. தாமதம் ஒரே ஒரு மில்லி வினாடி என்றால், 500 ஹெர்ட்ஸ் ஒலியில் நகல் சரியாக அரை அலை பின்தங்கி, மேடும் பள்ளமும் ஒன்றையொன்று தின்றுவிடும். 1500, 2500 ஹெர்ட்ஸுக்கும் அதே கதி. 1000, 2000 ஹெர்ட்ஸ் ஒலிகளோ இரட்டிக்கும். குமிழைத் திருப்பத் திருப்ப இந்த ஓட்டைகள் சுரவரிசை நெடுக நகரும். தலைக்கு மேல் ஜெட் விமானம் போவதுபோன்ற அந்த இரைச்சலைப் பிற்காலத்து ராக் இசை ஆசைதீரப் பயன்படுத்திக்கொண்டது.

இன்று கணினியில் ஒரு சொடுக்கில் பிசகே இல்லாத நகல் கிடைக்கிறது. குரலை இரட்டிக்க மட்டும் அது உதவாது. அதனால்தான் அந்தப் பழைய மோட்டாரின் தள்ளாட்டத்தைக் கணக்கிட்டுச் சேர்ப்பதற்கென்றே மென்பொருள் எழுதி விற்கிறார்கள்.