ஓய்வும் பயிற்சிதான்!
வீட்டுக்குள் சைக்கிள் மிதிக்கும் சகோதரிகளின் கவனத்துக்கு

இன்று நமது வீடுகள் சிலவற்றில், எங்குமே போகாத ஒரு சைக்கிள் நிற்பதைக் காணலாம். ‘சீனி வருத்தம் இருக்கிறது, உடம்பை அசையுங்கள்’ என்று வைத்தியர் சொன்ன பிறகு வாங்கியதாக இருக்கும். அல்லது வெளிநாட்டிலிருந்து மகன் அனுப்பிய பணத்தில் உம்மாவுக்கென்று எடுத்ததாக இருக்கும். சில வீடுகளில் அது துவாய் காயப்போடும் கொடியாகிவிட்டது. அதைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள்.

நாம் இங்கு பேசப்போவது அதற்கு நேர்மாறான சகோதரிகளைப் பற்றி. ஒரு நாளும் தவறாமல், முழங்கால் நோகும்போதும், இரவு நித்திரை இல்லாதபோதும், ‘இன்று விட்டால் எல்லாம் வீண்’ என்று நினைத்து மிதிப்பவர்கள் இவர்கள். இவர்களது முயற்சி பாராட்டுக்குரியது. ஆனால் முயற்சியில் ஒரு பாதியை மட்டுமே அறிந்து, மறுபாதியை அறியாமல் இருக்கிறார்கள். அந்த மறுபாதியின் பெயர் ஓய்வு.

நின்ற இடத்தில் ஓர் உலகப் போட்டி

வீட்டுச் சைக்கிளோட்டம் இன்று வெறும் பொழுதுபோக்கல்ல. சைக்கிளின் பின்சக்கரத்தை ஒரு கருவியோடு இணைத்து, அதைக் கணினியோடு தொடர்புபடுத்தினால், திரையில் தெரியும் பாதையில் உங்கள் உருவம் ஓடத் தொடங்கும். திரையில் மேடு வந்தால் மிதி கனக்கும். பள்ளம் வந்தால் இலேசாகும். உலகின் பல மூலைகளில் இருப்பவர்கள் ஒரே பாதையில் ஒரே நேரத்தில் போட்டியிடலாம்.

சர்வதேச சைக்கிளோட்டச் சம்மேளனம் இதற்கான முதலாவது உலக சம்பியன்ஷிப் போட்டியை 2020 டிசம்பரில் நடத்தியது. ஆண்கள் பிரிவில் ஜெர்மனியின் ஜேசன் ஒஸ்போர்னும், பெண்கள் பிரிவில் தென்னாபிரிக்காவின் ஆஷ்லி மூல்மன் பாசியோவும் வென்றார்கள். இரு பிரிவினருக்கும் ஒரே தூரமே வழங்கப்பட்டது. 2024 ஒக்டோபரில் இறுதிப் போட்டி அபூதாபியில் நடைபெற்றது. அதற்குப் பயன்பட்ட ‘மைவூஷ்’ என்ற மென்பொருளும் அபூதாபியில் உருவானதே.

வெயில், வாகன நெரிசல், பிறர் பார்வை ஆகிய காரணங்களால் வீதியில் சைக்கிள் ஓட்ட முடியாத பெண்ணுக்கு இது நல்ல வாய்ப்பு. தன் வீட்டு அறையில், தன் விருப்பப்படி உடுத்து, தன் பேணுதல் குறையாமல் அவள் பயிற்சி செய்யலாம். சாதாரணப் போட்டிகளில் முகம் காட்ட வேண்டிய தேவையில்லை. திரையில் தெரிவது ஒரு வரைபட உருவம் மட்டுமே.

ஆனால் கதவைத் திறந்தால் போட்டி என்ற இந்த வசதியே ஒரு சோதனையும்கூட. நள்ளிரவிலும் எங்கோ ஒரு போட்டி தொடங்கிக்கொண்டிருக்கும். ‘இன்னும் ஒன்று’ என்று மனம் இழுக்கும். எப்போது மிதிப்பது என்பதைவிட எப்போது இறங்குவது என்பதை அறிவதே இங்கு பெரிய பாடம்.

உடல் பலம் பெறுவது எப்போது?

சைக்கிளின் மேல் இருக்கும்போதுதான் நாம் பலம் பெறுகிறோம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை அதுவல்ல. மிதிக்கும்போது உடல் களைக்கிறது. தசைநார்களில் நுண்ணிய சேதங்கள் ஏற்படுகின்றன. தசைகளில் சேமித்து வைக்கப்பட்ட சர்க்கரை கரைகிறது. பிறகு நாம் உண்டு, உறங்கி, ஓய்வெடுக்கும்போது உடல் அந்தச் சேதத்தைத் திருத்துகிறது. முன்பிருந்ததைவிடச் சற்றுப் பலமாகவே திருத்துகிறது. பயிற்சி என்பது உடலுக்கு நாம் அனுப்பும் கடிதம் என்றால், ஓய்வில்தான் அதற்குப் பதில் வருகிறது. பதில் வருமுன்னே கடிதத்துக்கு மேல் கடிதம் அனுப்பினால் பயனில்லை.

வீட்டுச் சைக்கிளில் இந்தச் சுமை இன்னும் கூடுதல். வீதியில் இறக்கம் வரும், சந்தி வரும், மிதிக்காமல் கொஞ்சத் தூரம் செல்லலாம். அறைக்குள் அந்த இடைவெளிகள் குறைவு. அத்தோடு, வீதியில் காற்று உடலைக் குளிர்விக்கும். நமது நாட்டின் ஈரலிப்பான காலநிலையில் மூடிய அறைக்குள் வியர்வை காய்வதில்லை. உடல் சூடேற, அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாகத் துடிக்கும். ஆகவே ஜன்னலைத் திறவுங்கள். மின்விசிறியை நேரே உங்கள்மீது திருப்புங்கள். தண்ணீர்ப் போத்தல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

கடினமும் இலேசும்

நோர்வேயில் பணியாற்றும் ஸ்டீபன் செய்லர் என்ற ஆய்வாளர், உலகின் முன்னணி வீரர்கள் எவ்வாறு பயிற்சி செய்கிறார்கள் என்று ஆராய்ந்தார். அவர்களது பயிற்சிகளில் ஏறக்குறைய நூற்றுக்கு 80 பங்கு இலேசானவை. மிகுதி 20 பங்குதான் கடினமானவை. உலக வீரர்களுக்கே அப்படியென்றால் நமக்கு எப்படி இருக்க வேண்டும்?

இலேசானது எது என்பதை அறிய எந்தக் கருவியும் வேண்டியதில்லை. மிதித்துக்கொண்டே பக்கத்தில் இருப்பவரோடு முழு வசனங்களாகப் பேச முடிந்தால் அது இலேசானது. நாலைந்து சொற்களோடு மூச்சு வாங்கினால் அது நடுத்தரம். ஒரு சொல்லே வரவில்லையென்றால் அது கடினம்.

வலுவை வொட்ஸ் கணக்கில் காட்டும் கருவி உள்ளவர்கள் இன்னும் துல்லியமாகப் பார்க்கலாம். நன்றாக உடலைச் சூடாக்கிய பின் 20 நிமிடங்கள் இயன்ற அளவு பலமாக மிதித்து, அதன் சராசரியில் நூற்றுக்கு 95 பங்கை எடுப்பார்கள். சராசரி 160 வொட்ஸ் என்றால் 152 வரும். ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் தாக்குப்பிடிக்கக்கூடிய எல்லை அதுவே. இலேசான பயிற்சி இந்த எல்லைக்கு மிகவும் கீழே, அதன் முக்கால் பங்கைத் தாண்டாமல் இருக்க வேண்டும். பலர் செய்யும் பிழை, இலேசான நாளைச் சற்றுக் கடினமாகவும், களைப்பினால் கடின நாளைச் சற்று இலேசாகவும் மிதிப்பது. ஈற்றில் எல்லா நாளும் ஒரே மாதிரியாகி, களைப்பு மட்டுமே மிஞ்சும்.

போட்டி என்பது உப்பு

உம்முல் முஃமினீன் ஆயிஷா (ரழி) அவர்களும் நபி (ஸல்) அவர்களும் ஓட்டப்போட்டி வைத்ததை அபூதாவூத் கிரந்தத்தில் காண்கிறோம். முதல் தடவை ஆயிஷா (ரழி) முந்தினார்கள். பின்னொரு காலத்தில் நபியவர்கள் முந்தினார்கள். போட்டியும் அதன் மகிழ்ச்சியும் நமது மார்க்கத்துக்கு அந்நியமானவை அல்ல. ஆனால் அது கறிக்கு உப்புப் போல இருக்க வேண்டும். உப்பையே கறியாக்க முடியாது.

திரைப் போட்டிகள் பெரும்பாலும் குறுகியவை; தொடங்கிய கணத்திலேயே எல்லோரும் பாய்வார்கள். ஆகவே ஒரு போட்டி என்பது ஒரு கடினப் பயிற்சிக்குச் சமம். அந்த வாரத்தின் ஒரு கடின நாளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் போட்டியை வையுங்கள். அதற்கு மேலதிகமாகச் சேர்க்காதீர்கள். போட்டிக்கு முந்திய இரண்டு நாட்களும் நேரத்தைக் குறையுங்கள். போட்டிக்கு அடுத்த நாள் முழு ஓய்வு, அல்லது 20 நிமிட மிக இலேசான மிதிப்பு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இப்போட்டிகளில் உடல் நிறையின் ஒரு கிலோவுக்கு எத்தனை வொட்ஸ் என்று கணக்குப் பார்ப்பார்கள். அதனால் நிறையைக் குறைத்தால் முன்னேறலாம் என்ற ஆசை வரும். சாப்பாட்டைக் குறைத்துப் பயிற்சியைக் கூட்டுவது பெண்ணுடலுக்குப் பெருந்தீங்கு. இந்நிலைக்கு 2014இல் சர்வதேச ஒலிம்பிக் குழு தனியாகவே ஒரு பெயர் சூட்டி எச்சரித்தது. உடலுக்குச் சக்தி போதாதபோது மாதவிடாய் தவறுகிறது, எலும்பு மெலிகிறது, அடிக்கடி நோய் தொற்றுகிறது. கர்ப்பமில்லாத நிலையில் மூன்று மாதங்கள் மாதவிடாய் வராவிட்டால், பயிற்சியைக் குறைத்து வைத்தியரைக் காணுங்கள். சைக்கிள் உடற்பாரத்தைத் தாங்குவதால், அது மட்டும் எலும்புக்குப் போதாது. நடையும், படி ஏறுதலும், பாரம் தூக்கும் இலேசான பயிற்சியும் தேவை.

வீட்டுச் சுமையும் கணக்கில் சேரும்

பயிற்சி நூல்களில் ஒரு குறை உண்டு. அவை பயிற்சி செய்பவருக்கு வேறு வேலையே இல்லை என்பதுபோல் எழுதப்பட்டிருக்கும். ஸுப்ஹுக்கு முன் எழுந்து, பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பி, சமைத்து, துவைத்து, வயதான மாமியைப் பராமரித்து, இரவில் காய்ச்சல் பிள்ளையோடு விழித்திருக்கும் பெண்ணைப் பற்றி அவை பேசுவதில்லை.

சகோதரிகளே! உங்கள் உடலுக்கு இது சைக்கிள் களைப்பு, இது அடுப்படிக் களைப்பு என்ற வேற்றுமை தெரியாது. எல்லாம் ஒரே கணக்கில்தான் விழுகின்றன. விருந்தினர் வந்து நாள் முழுவதும் நின்று சமைத்த நாள் ஒரு கடின நாள். நித்திரையற்ற இரவுக்கு அடுத்த நாள் ஓய்வு நாள். அன்று சைக்கிளைத் தொடாததற்காகக் குற்றவுணர்வு கொள்ள வேண்டாம். உங்கள் திட்டத்தை நீங்கள் மீறவில்லை. அதைச் சரியாக நிறைவேற்றுகிறீர்கள்.

வீட்டிலுள்ள ஆண்களுக்கும் இதில் பங்கு உண்டு. நபி (ஸல்) அவர்கள் வீட்டில் குடும்பத்தாரின் வேலைகளில் ஒத்தாசையாக இருந்தார்கள் என்று ஆயிஷா (ரழி) அறிவித்துள்ளார்கள். மனைவிக்குச் சைக்கிள் வாங்கிக் கொடுப்பது நல்லது. அவள் மிதித்துவிட்டு இறங்கும்போது பிள்ளையை ஒரு மணித்தியாலம் பார்த்துக்கொள்வது அதைவிட நல்லது.

உடல் தரும் எச்சரிக்கைகள்

காலையில் படுக்கையை விட்டு எழுமுன் நாடித்துடிப்பை எண்ணி ஒரு கொப்பியில் எழுதி வாருங்கள். சில நாட்கள் தொடர்ந்து வழமையைவிடக் கூடுதலாக இருந்தால், நித்திரை குழம்பினால், சிறு விடயத்துக்கும் எரிச்சல் வந்தால், வழக்கமான மிதிப்பே மலைபோலத் தோன்றினால், உடல் ஓய்வு கேட்கிறது என்று அறியுங்கள்.

புதியவர்கள் முதல் நாளிலேயே முழுப் பலத்தையும் காட்டக்கூடாது. பழக்கமற்ற ஒருவர் முதல் வகுப்பிலேயே மிகக் கடுமையாக மிதித்ததால் தொடைத் தசைகள் சிதைந்து, அக்கழிவு சிறுநீரகத்தைத் தாக்கிய சம்பவங்களை அமெரிக்க வைத்தியர்கள் 2017இல் பதிவு செய்தார்கள். மிதித்த பின்வரும் நாட்களில் தொடைகள் வீங்கி, கடும் வலியோடு, சிறுநீர் கருஞ்சாயத் தேநீர் நிறத்தில் போனால் உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். நெஞ்சுவலி, தலைசுற்று, மயக்கம் வந்தால் அக்கணமே நிறுத்துங்கள். இதய நோய், உயர் குருதி அமுக்கம், நீரிழிவு உள்ளவர்களும், கர்ப்பிணிகளும், அண்மையில் பிள்ளை பெற்றவர்களும் வைத்திய ஆலோசனையோடே தொடங்க வேண்டும்.

ஒரு வாரத்துக்கான மாதிரி

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, வளர்ந்தவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிட நடுத்தர அசைவு, அல்லது 75 முதல் 150 நிமிடக் கடின அசைவு போதுமானது. அதோடு வாரத்தில் இரண்டு நாட்களாவது தசைகளுக்கான பயிற்சியும் வேண்டும். சில மாதங்கள் மிதித்துப் பழகிய, ஆரோக்கியமான ஒருவர் இவ்வாறு ஒழுங்கு செய்யலாம்:

திங்கள்: ஓய்வு.
செவ்வாய்: 40 நிமிடங்கள். இடையில் 4 நிமிடக் கடின மிதிப்பு நான்கு தடவை. ஒவ்வொன்றின் பின்பும் 4 நிமிடம் இலேசாக.
புதன்: 30 நிமிடம் இலேசாக.
வியாழன்: சைக்கிள் இல்லை, 20 நிமிடம் தசைப் பயிற்சி.
வெள்ளி: ஓய்வு. குடும்பத்துக்கும் இபாதத்துக்கும் உரிய நாள்.
சனி: போட்டி, அல்லது ஒரு கடினப் பயிற்சி.
ஞாயிறு: 30 நிமிடம் மிக இலேசாக, பின்பு சிறிது தசைப் பயிற்சி.

மூன்று வாரங்கள் இப்படிச் சென்றால், நான்காவது வாரம் எல்லாவற்றையும் ஏறக்குறைய பாதியாகக் குறையுங்கள். கடின நாளில் இறங்கியதும் ஒரு முட்டை, அல்லது தயிரும் வாழைப்பழமும், அல்லது சோறும் பருப்பும் மீனும் என்று ஏதாவது வயிற்றுக்குப் போகட்டும். விலை கூடிய தூள்கள் அவசியமில்லை. நித்திரைக்கு ஈடான மருந்து எதுவுமில்லை.

ரமழானில் போட்டியை முற்றாக நிறுத்துங்கள். நோன்பு திறப்பதற்குச் சற்று முன்பு 20 நிமிடம் இலேசாக மிதித்தால், பெற்ற பலத்தைப் பேணிக்கொள்ளலாம். ஈத்தம்பழமும் தண்ணீரும் அருகிலேயே காத்திருக்கும். இன்சுலின் அல்லது சீனியைக் குறைக்கும் மாத்திரை பாவிப்பவர்கள் வைத்தியர் அனுமதியின்றி நோன்போடு மிதிக்கவே கூடாது.

உடலின் உரிமை

பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் வணக்கமுமாக இருந்த அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரழி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் தடுத்து, உடலுக்கும் கண்களுக்கும் வாழ்க்கைத் துணைக்கும் அவர்மீது உரிமைகள் உண்டு என்று உணர்த்திய வரலாறு புகாரியில் பதிவாகியுள்ளது. வணக்கத்திலேயே அளவு பேணச் சொன்ன மார்க்கம், சைக்கிள் மிதிப்பதில் அளவு கடப்பதை எப்படி ஏற்கும்? குறைவானாலும் தொடர்ந்து செய்யப்படும் நற்செயலே அல்லாஹ்வுக்கு விருப்பமானது என்பதும் நபிமொழி காட்டும் வழியே.

எனவே, இன்றைய நாள் உங்களுக்கு ஓய்வு நாளானால் அதை நிம்மதியாக எடுத்துக்கொள்ளுங்கள். சைக்கிள் எங்கும் போகாது; நாளையும் அங்கேயே நிற்கும். இந்த உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட ஓர் அமானிதம். அதை உழைக்கவும் வைத்து, உறங்கவும் வைத்து, உரியவனிடம் நல்ல நிலையில் ஒப்படைக்க அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள் புரிவானாக!