மின்சாரக் குதிர்

அறுவடையான நெல்லைக் குதிரில் கொட்டி வைத்து, ஐப்பசி மழையில் எடுத்துச் சமைக்கிறோம். மின்சாரத்துக்கு அந்த யோகம் எளிதில் வாய்ப்பதில்லை. பெருமளவில் உற்பத்தியாவது அந்தக் கணத்திலேயே செலவாக வேண்டும். நிலக்கரியை நம்பியிருந்த வரையில் இது பெரிய சங்கடமாகத் தோன்றவில்லை. வேண்டும்போது கூடுதலாக எரித்துக்கொண்டார்கள். வெயிலும் காற்றும் நம் கட்டளைக்கு அடங்குமா? ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆனி ஆடிக் காற்று சுழற்றியடிக்கிறது, பிறகு தணிந்துவிடுகிறது. சூரியனோ, வீட்டில் விளக்கேற்றும் நேரம் பார்த்து மறைந்துவிடுகிறான்.

தென் ஆஸ்திரேலியா மாகாணத்தில் 2016-ஆம் வருஷம் செப்டம்பர் 28-ந் தேதி அடித்த புயலில் மின்கோபுரங்கள் சாய்ந்து, ஏறக்குறைய மாகாணம் முழுவதும் இருளில் மூழ்கியது. மறு வருஷம் டெஸ்லா கம்பெனியின் ஈலான் மஸ்க், ஒப்பந்தமான நூறு நாளில் பாட்டரி நிலையம் அமைத்துத் தருவதாகவும், தவறினால் இலவசமென்றும் பந்தயம் கூறினார். பெருவணிகர்களின் சவடாலை நான் சாதாரணமாக நம்புவதில்லை. இந்த வார்த்தை நிறைவேறியது. ஜேம்ஸ்டவுன் அருகே, ஹார்ன்ஸ்டேல் காற்றாலைகளின் பக்கத்தில் எழுந்த நிலையம் 2017 டிசம்பர் 1-ந் தேதி வேலை தொடங்கியது.

தொடங்கியபோது அதன் சக்தி 100 மெகாவாட்டாக இருந்தது. அப்போதைய கொள்ளளவு 1,29,000 யூனிட். நாளொன்றுக்கு ஐந்து யூனிட் செலவழிக்கும் குடும்பங்கள் 25,800-க்கு ஒரு நாளைக்குப் போதுமாயிருந்தது. முழு வேகத்தில் விட்டால் ஒன்றேகால் மணியில் தீர்ந்துவிடும். 'பூ, இவ்வளவுதானா!' என்று நேயர்கள் எண்ணலாம். ஆனால் அதே மாதம் 14-ந் தேதி, விக்டோரியா மாகாணத்தில் நிலக்கரி யந்திரம் ஒன்று திடீரென்று நின்று 560 மெகாவாட் குறைந்தபோது, சுமார் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த இந்தப் பாட்டரி கண்ணிமைக்கும் நேரத்தில் ஏழு மெகாவாட்டுக்குச் சற்று அதிகமாகப் பாய்ச்சியது. அளவு சொற்பந்தான், அந்த வேகம் நீராவி யந்திரத்துக்கு ஏது?

நமக்கும் இந்த வித்தை முற்றிலும் புதிதன்று. ஆனைமலையில் காடம்பாறை நிலையத்தின் நான்கு யந்திரங்கள் 1987 முதல் 1989-க்குள் நிறுவப்பட்டன. மிஞ்சிய மின்சாரத்தால் நீரை மேலேற்றி, வேண்டும்போது இறக்கி 400 மெகாவாட் வரை எடுக்கும் ஏற்பாடு அது. அதற்கு மலையும் அணையும் வேண்டும். பாட்டரிக்கு ஒரு பொட்டல் போதும்.

இடறும் இடம் வேறு. பாட்டரிக்கு உயிரான லித்தியம் ஆஸ்திரேலியப் பாறையிலும் சிலி தேசத்து உப்பு வெளியிலும் கிடைக்கிறது. பாட்டரிகளில் பெரும்பகுதியைச் செய்வது சீனா. நம் வெயிலை அடைத்து வைக்கும் பெட்டியை அயலாரிடம் விலைகொடுத்து வாங்குவது எனக்கு உவப்பாக இல்லை. சோடியத்தைக் கொண்டும் பாட்டரி செய்யலாம். எடை அதிகம், நகராமல் நிற்கும் நிலையத்துக்கு அது குற்றமாகாது. 2024-ல் சீனர்கள் அத்தகைய நிலையங்களையும் நிறுவிவிட்டார்கள். 1930-ல் வேதாரண்யத்தில் தடியடி பட்டு நம்மவர் அள்ளிய உப்பில் இருப்பது அதே சோடியந்தான். தூத்துக்குடி அளங்களில் அது இன்றும் குவியல் குவியலாகக் கிடக்கிறது.