நீலகிரிப் புல்லும் கோவைத் தண்ணீரும்

கோவைக்குப் போன் போட்டால் நம்மில் பலர் முதலில் கேட்பது, "தண்ணி வந்துச்சா?" என்பதுதான். நகரத்துக்குப் பில்லூர் அணையிலிருந்து வருவது பவானித் தண்ணீர். அந்தப் பவானிக்கு ஊற்று நீலகிரி.

மலையுச்சியில் காடு பள்ளங்களில்தான் இருக்கும், அதுவே சோலை. மேடெல்லாம் புல்வெளி. புல் குறைவாகத்தான் குடிக்கும். மழைநீரை அடிமண் வாங்கி வைத்துக்கொண்டு கோடையில் ஓடைகளுக்கு மெல்ல விடும். வெள்ளைக்காரர் கண்ணுக்கு இது வெற்றுத்தரை! விறகுக்காக 1840களில் சீகையும் யூகலிப்டஸும் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டு வந்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு தோல் பதனிடவும் ஆலைகளுக்கும் என்று நம்மவர்கள் இன்னும் அதிகமாக நட்டார்கள்.

மரம் நட்டால் தண்ணீர் பெருகும் என்றுதானே படித்தோம்? ஊட்டியின் மண்வள ஆராய்ச்சியாளர்கள் கிளென்மார்கனில் அருகருகே இரண்டு நீர்ப்பிடிப்புப் பகுதிகளை எடுத்துக்கொண்டார்கள். ஒன்றில் புல்லை அப்படியே விட்டார்கள். மற்றதில் பாதிக்கு மேல் யூகலிப்டஸ் நட்டார்கள். 1972 முதல் 1981 வரை அளந்ததில், மரம் நட்ட பகுதியில் நீர்வரத்து சுமார் 16 சதவீதம் குறைந்தது. வெட்டிய பிறகு அடிமரத்திலிருந்து தழைத்த இரண்டாம் சுற்றில் இழப்பு இன்னும் கூடியது.

ஆகவே இங்கே காட்டை மீட்பது என்றால் பாதி வேலை மரத்தை எடுப்பதுதான். சொல்வது சுலபம். சீகையின் விதை மண்ணுக்குள் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். வெட்டிய இடத்தில் புதராக முளைக்கும். சோலையோரத்துச் சீகை நிழலில் சோலைக் கன்றுகளும் வளர்கின்றன. அங்கே அவசரப்பட்டு வெட்டக் கூடாது என்பது என் கருத்து. மேட்டு நிலத்திலோ சீகையை அகற்றி, நாட்டுப் புல்லைக் கற்றை கற்றையாகக் கையால் நட்டு, முளைக்கும் சீகைக் கன்றுகளை வருடா வருடம் பிடுங்கியாக வேண்டும்.