திருகோணமலைப் பக்கம் ஒரு பெரும்பள்ளி

எங்க ஊர் குடவாசல்ல சுவாமி பேரு கோணேஸ்வரர். அதே பேரைப் பிடிச்சுக்கிட்டுத்தான் போன லீவுக்கு இலங்கையில திருகோணமலைக்குப் போனேன். ரெண்டு தலத்தையும் சம்பந்தர் பாடியிருக்கார். கோட்டைக்குள்ள இருக்கற கோணேஸ்வரத்தை எல்லாருமே பார்த்துடறாங்க. நான் சொல்ல வந்தது, ஊருக்கு வெளியே பெரியகுளம் பக்கத்துல இருக்கற வெல்கம் விகாரை.

பழைய பௌத்தப் பள்ளி. சோழர் ஆட்சியில அதுக்கு இராசராசப் பெரும்பள்ளின்னு பேரு. அங்க கிடைச்ச தமிழ்க் கல்வெட்டுகள் விளக்கும் பசுவும் தானம் கொடுத்ததைச் சொல்லுது. இது நமக்குப் புதுசு இல்ல. தஞ்சைப் பெரிய கோயில்ல ஒரு விளக்குக்கு ஆடு 96, பசுன்னா 48. அதை வாங்கிக்கிட்ட இடையர் தினம் ஓர் உழக்கு நெய் அளக்கணும். பழக்கம் அதே பழக்கம், எழுத்தும் தமிழ். விளக்கு எரிஞ்சது மட்டும் புத்தர் முன்னாடி.

தமிழர்னா சைவம், சிங்களர்னா பௌத்தம்னு நானும் மனசுல கோடு போட்டு வெச்சிருந்தவன்தான். இத்தனைக்கும் நம்ம நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலத்தையே எழுதிவெச்சவர் முதலாம் இராசராசன். அந்த ஊர்ல மிச்சமிருந்த பௌத்தக் கோபுரத்தை 1867ல இடிச்சுட்டாங்க. வெல்கத்துல செங்கல் சுவரும், நின்ன கோலத்துல ஒரு புத்தரும் இன்னும் இருக்கு.