கொதிகலனா, வெந்நீர்க்கலனா?

குளிப்பதற்குச் "சுடுதண்ணீர்" வேண்டும் என்று மாணவன் எழுதினால், தண்மையுடைய நீர் சுடுவது எங்ஙனம் என வினவி, "வெந்நீர்" என்று திருத்துவோம். அந்நீரைக் காய்ச்சும் கலத்தின் பெயருக்கும் இத்தகைய திருத்தம் வேண்டும். கொதிகலன் என்பது வினைத்தொகை; கொதித்த, கொதிக்கின்ற, கொதிக்கும் கலன் என விரியும். நீரை ஆவியாக்கி, அதன் அழுத்தத்தால் வேலை வாங்கும் ஆலைக்கும் புகைவண்டிக்கும் அப்பெயர் பொருந்தும். குளியலுக்கோ நீர் கொதிக்க வேண்டுவதில்லை. ஆதலின், முற்றத்தில் விறகிட்டுக் காய்ச்சும் கலத்தை வெந்நீர்க்கலன் என்பதே தகும். இவ்வேறுபாடு உயிர் காப்பதும் ஆகும் என்பது பின்னர் விளங்கும்.

முதலில் விறகைப் பற்றிச் சிறிது காண்போம். தீயை வீணாக்கினால் காடு அழியும் என்பதற்குச் சிங்கப்பூரே சான்று. 1819-இல் இராஃபிள்சு வந்திறங்கியபோதே இங்குக் காம்பியர்த் தோட்டங்கள் இருந்தன. அதன் இலையை வேகவைத்துச் சாறு காய்ச்ச விறகு மிகுதியாக வேண்டியிருந்தது. விறகு தீர்ந்து, மண்ணும் வளமிழந்தபின் தோட்டக்காரர் பலர் ஜோகூருக்குப் பெயர்ந்தனர். காடுகளின் நலிவை 1883-இல் கேண்ட்லி தம் அறிக்கையில் எடுத்துரைத்தார். சிராங்கூன் சாலை வட்டாரத்தின் "சுண்ணாம்புக் கம்பம்" என்னும் பழம்பெயரும் அந்நாளைய காளவாய்களை நினைவூட்டுவதே.

இனிக் கணக்கு. ஒரு லிட்டர் நீரை ஒரு பாகை சூடேற்ற ஒரு கிலோ கலோரி வேண்டும். 100 லிட்டரை 28 பாகையிலிருந்து 58 பாகைக்கு உயர்த்த 3,000 கிலோ கலோரி போதும். நன்கு உலர்ந்த விறகு ஒரு கிலோ ஏறத்தாழ 3,500 கிலோ கலோரி தரும். ஆகவே ஒரு கிலோ விறகே போதும் எனத் தோன்றும். ஆனால் மூன்று கல் அடுப்பில் 15 விழுக்காடு வெப்பமே நீரைச் சேர்கிறது எனக் கொண்டால், 6 கிலோ விறகு செல்லும். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் 1974-இல் தோன்றிய அஸ்திராக் குழுவின் திருந்திய அடுப்பு ஏறத்தாழ 40 விழுக்காட்டை எட்டியது. அவ்வளவு பயன் கிட்டினால் 2 கிலோவுக்குச் சற்று மேல் போதும்.

இதற்குச் செலவு மிகுதியில்லை. தீயைக் கலத்தின் அடியில் மட்டும் தீண்டச் செய்யாது, நீரின் நடுவே செலுத்துக. 200 லிட்டர்ப் பழைய பீப்பாய் ஒன்றின் நடுவே 6 அங்குல இரும்புக் குழாயை நிறுத்தி, அடித்தட்டோடு நீர் கசியாமல் பற்றவைக்க வேண்டும். குழாய் மேலே நீண்டு புகைபோக்கியாகும். கீழே செங்கல்லும் களிமண்ணும் கொண்டு அடுப்புக் கட்டி, காற்றுப் புக இரும்புக் கம்பிகளின்மேல் விறகை அடுக்குக. பீப்பாயைச் சுற்றி உமி கலந்த களிமண் பூசினால் சூடு நிலைக்கும். சூடான நீர் மேலெழும் இயல்பினது. ஆதலின் குழாய்வாயை மேற்பகுதியில் வைக்க. பச்சை விறகின் எடையில் பாதியளவும் நீராக இருக்கலாம். அதை உலர்த்தாது எரித்தல் புகையை விலைக்கு வாங்குவதே.

இனி உயிர்க்காப்பு. நீர் ஆவியானால் ஏறத்தாழ 1,600 மடங்கு பருக்கும். கலத்தை இறுக மூடினால் அது வெடிகுண்டாம். எனவே மூடி இறுகாது இருத்தல் வேண்டும். ஆவி வெளியேறும் துளையை ஒருபோதும் அடைக்கலாகாது. நீர் நிரப்பிய பின்னரே தீ மூட்டுக. எண்ணெயின் மிச்சம் உள்ள பீப்பாயைப் பற்றவைத்தல் கூடாது. நஞ்சுப் பொருள் இருந்த பீப்பாயை நாடவே கூடாது. இந்நீர் குளியலுக்கு மட்டுமே; குடிக்க அன்று.

அடுக்குமாடி வீட்டில் வாழும் சிங்கப்பூரர்க்கு இக்கலன் வேண்டுவதில்லை. ஆயினும் ஜோகூர்த் தோட்டத்திலோ தமிழகச் சிற்றூரிலோ உறவினர் உடையோர் நம்முள் பலர். அவர்க்கு இதனை எழுதுவோர், அளவுகளைக் கூறுமுன் பெயரைக் கூறுக: அது கொதிகலன் அன்று, வெந்நீர்க்கலன், மூடியை இறுக்க வேண்டா.