மாதம்தோறும் வருமானம் வருமா? பங்குச் சந்தையில் ஓர் அச்சார வியாபாரம்

"பணத்தைக் கொடுங்கள். மாதம் பிறந்தால் வருமானம் வீடு தேடி வரும். 'ஆப்ஷன்' விற்றுச் சம்பாதித்துத் தருகிறோம்!"

கரும்புப் பணமோ, கிழங்குப் பணமோ கைக்கு வரும் காலத்தில் யாராவது வந்து இப்படிச் சொன்னால், ஆசை வரத்தான் செய்யும்.

ஆப்ஷன் என்றால் என்ன? கல்வராயன் மலைக்கு வாருங்கள். விளங்கிவிடும்.

கிழங்கும் அச்சாரமும்

கல்வராயன் மலையில் மரவள்ளி விளைகிறது. ஒரு விவசாயியிடம் வியாபாரி வருகிறார்.

"3 மாதம் கழித்து டன் 8 ஆயிரம் ரூபாய்க்குத் தர வேண்டும். எனக்கு வேண்டாம் என்றால் வாங்க மாட்டேன். அதற்காக டன்னுக்கு 500 ரூபாய் பிடியுங்கள். திருப்பிக் கேட்க மாட்டேன்" என்கிறார். (கணக்குக்காகச் சொல்லும் விலை இது.)

அந்த 500 ரூபாய்தான் 'பிரீமியம்'. மாத வருமானம் என்கிறார்களே, அது இதுதான்!

விலை 7 ஆயிரமாக இறங்கினால் வியாபாரி வரமாட்டார். 500 ரூபாய் விவசாயிக்கு. ஆனால் கிழங்கில் 1,000 ரூபாய் போய்விட்டதே!

விலை 11 ஆயிரமாக ஏறினால்? 8 ஆயிரத்துக்கே கொடுக்க வேண்டும். கூடுதல் லாபம் போச்சு. கைப்பணம் போகவில்லை.

தோட்டமே இல்லாத ஒருவர் இந்த அச்சாரத்தை வாங்கியிருந்தால்? 11 ஆயிரத்துக்கு வாங்கி 8 ஆயிரத்துக்குக் கொடுக்க வேண்டும். அச்சாரம் போக டன்னுக்கு 2,500 ரூபாய் நஷ்டம். 10 டன் என்றால் 25 ஆயிரம்!

பங்குச் சந்தையில் கிழங்குக்குப் பதில் பங்கு. மற்றதெல்லாம் ஏறக்குறைய இதே கதைதான்.

எத்தனை வாசல்!

சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பு 'செபி'. அது ஒவ்வொரு வாசலுக்கும் ஒவ்வொரு சட்டம் போட்டிருக்கிறது.

மியூச்சுவல் பண்டுகள் ஆப்ஷன் விற்க 2019 ஜனவரியில்தான் அனுமதி கிடைத்தது. அதுவும் கையில் வைத்திருக்கும் பங்குக்கு மட்டும். 2025 ஏப்ரலில் 'எஸ்.ஐ.எப்.' என்ற புதுவகைத் திட்டம் வந்தது. அதில் சேரக் குறைந்தது 10 லட்சம் வேண்டும். நம் பணத்தைத் தனியாக வாங்கி நிர்வகிக்கும் 'பி.எம்.எஸ்.' நிறுவனத்துக்கு 50 லட்சம்.

படித்தவர்களுக்கே தலை சுற்றும்!

விசித்திரத்தைப் பாருங்கள். நிபுணர்கள் நடத்தும் மியூச்சுவல் பண்டுக்குத் 'தோட்டம்' வேண்டும். தன் பெயரில் கணக்குத் தொடங்கி, மார்ஜின் பணம் கட்டி விற்கும் தனி மனிதருக்கு அது வேண்டியதில்லை!

பலன்? ஆப்ஷனும் அதைச் சேர்ந்த 'பியூச்சர்ஸ்' வியாபாரமும் செய்த தனிநபர்களைச் செபி ஆராய்ந்தது. 2022 மார்ச்சில் முடிந்த ஆண்டு தொடங்கி 3 ஆண்டுகளில் 100 பேரில் 93 பேருக்கு நஷ்டம். சராசரியாக ஆளுக்குச் சுமார் 2 லட்சம் ரூபாய். மொத்தம் 1 லட்சத்து 80 ஆயிரம் கோடிக்கு மேல்!

2024 நவம்பர் முதல் செபி கடிவாளத்தை இழுத்தது. குறியீட்டு எண் ஒப்பந்தங்களின் குறைந்தபட்ச மதிப்பு 15 லட்சமாக உயர்ந்தது. அடுத்த ஆண்டுக் கணக்கிலும் 100-க்கு 91 பேருக்கு நஷ்டம்தான்.

வீட்டுக்கு வருகிறவர்

கள்ளக்குறிச்சியில் உங்கள் கதவைத் தட்டுகிறவர் எந்த வாசல் வழியாக வந்தவர்? செபி பதிவு எண்ணைக் கேளுங்கள். பி.எம்.எஸ். என்றால் அது 'ஐ.என்.பி.' என்று தொடங்கும். ஆலோசகர் என்றால் 'ஐ.என்.ஏ.'. எண்ணைச் செபியின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். வீட்டில் படிக்கும் பிள்ளைகளைக் கேட்டால் பார்த்துச் சொல்வார்கள்.

எண் சரியாக இருந்தாலும், "இவ்வளவு வருமானம் நிச்சயம்" என்று சொல்ல அவருக்கு உரிமை இல்லை. சந்தேகம் இருந்தால் செபியின் கட்டணமில்லாத் தொலைபேசி 1800 22 7575.